முழுகியாச்சு

பட்டப்பகலில் அக்கா ஈரத் தலையோடு எங்கள் கடைக்கு வந்தால், அன்று யாரையோ தலைமுழுகிவிட்டாள் என்று அர்த்தம். "இன்னிக்கு யாருக்கா?" என்று கேட்பேன். துண்டால் முடியைத் தட்டிக்கொண்டே "பால்காரன்" என்பாள். இன்னொரு நாள், "அந்த மாடி வூட்டுக்காரி". காரணம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "முழுகியாச்சு கண்ணு, இன்னும் இன்னாத்துக்கு அந்தப் பேச்சு?" என்பாள். அதற்கப்புறம் அந்தப் பால்காரன் எதிரில் வந்து மணி அடித்தாலும், அவள் கண்ணுக்கு ஒரு சைக்கிள் போகும், அவ்வளவுதான். மேலே ஆள் இருக்க மாட்டான்.

கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான், "உன்னத் தலமுழுகிட்டேன் போ" என்று. சொல்லிவிட்டு நாலாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து சினிமாவுக்குப் போவார்கள். அக்கா அப்படிச் சொல்வதே இல்லை, செய்துவிடுவாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிப்பார்களே, அதுபோல, குடியிருந்த லைன் வீட்டின் பொதுத் தொட்டியிலிருந்து இரண்டு வாளி பச்சைத் தண்ணீரைக் கட்டின புடவையோடு தலையில் ஊற்றிக்கொள்வாள். அத்தோடு அந்த ஆள் செத்தாச்சு. அழுகையும் கிடையாது, திட்டும் கிடையாது.

எங்கள் கடை என்றது செங்கல்பட்டில் நாங்கள் வைத்திருந்த ஜெராக்ஸ் கடை. கூடவே ஒரு எஸ்டிடி பூத்தும் இருந்தது. புதுப்பட்டினத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், "நீதான் பத்து வரைக்கும் படிச்சிருக்கியே, உக்காரு" என்று என் வீட்டுக்காரர் என்னை அங்கே உட்காரவைத்துவிட்டு வேறு வியாபாரம் பார்க்கப் போய்விட்டார். எதிரே ஒரு சினிமா தியேட்டர். அதில் பெண்கள் வரிசைக்கு டிக்கெட் கொடுப்பவள்தான் அக்கா. ஊரில் எல்லோருக்கும் அவள் டிக்கெட் அக்கா, எனக்கு வெறும் அக்கா. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அவளுக்கு நாற்பது வயது இருக்கும், எனக்கு இருபத்திரண்டு.

அந்த டிக்கெட் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதை மூட ஒரு மரப்பலகை. திரையில் படம் ஓட ஆரம்பித்ததும் பலகையை இழுத்துச் சாத்திவிடுவாள். ஒருமுறை போலீஸ் அதிகாரி ஒருவரின் மனைவி, இரண்டு நாத்தனார்களோடு பத்து நிமிஷம் தாமதமாக ஜீப்பில் வந்து இறங்கினாள். தியேட்டர் முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து பலகையைத் தட்டினார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "படம் போட்டாச்சு சார். நாளிக்கு வரச் சொல்லுங்க." முதலாளி கெஞ்சினார், மிரட்டினார். பலகை திறக்கவில்லை. கடைசியில் அந்த அம்மாள் ஆண்கள் வரிசையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முதலாளி அக்காவை வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அவருக்குப் பயம், இவள் தன்னையும் முழுகிவிட்டால் என்ன செய்வது என்று.

அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். வேறொருத்தியோடு கருங்குழியில் குடித்தனம் வைத்தான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே அவனை முழுகிவிட்டாள். இதெல்லாம் நான் வருவதற்கு முன்னால். நான் பார்த்தது அவன் திரும்பி வந்த நாளைத்தான். கையில் அல்வா, மல்லிகைப்பூ, சவரம் செய்த முகம். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்து, "யாரு வேணும் சார்? மேட்னி ஆம்பளைங்க டிக்கெட்டு அந்தப் பக்கம்" என்றாள். அவன் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து அழுதான். நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் அவளிடம், "கொஞ்சம்கூட மனசு எளகலியா அக்கா?" என்று கேட்டேன். "செத்தவன் திரும்பி வந்தா அதுக்குப் பேரு பேயி. பேய்க்கு நான் இன்னாத்துக்கு சோறு ஆக்கணும்?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஏனென்றால் அவளிடம் எனக்கு அத்தனை பிரியம். நாங்கள் ரம்ஜான் நோன்பு இருக்கிற மாதத்தில் வெயிலில் வறண்டு வந்தாலும் என் கடைக்குள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள், தெருமுனைக்குப் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். என் மூத்த மகனுக்கு டைபாய்டு வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், ஆட்டம் இல்லாத நேரமெல்லாம் என் கடையில் உட்கார்ந்து ஜெராக்ஸ் எடுத்தாள். பாதித் தாள் கோணல்மாணல்தான், ஆனால் கடை ஒருநாள்கூட மூடவில்லை. இவ்வளவு செய்கிறவள் என்றைக்காவது என்னையும் இரண்டு வாளியில் முடித்துவிடுவாளோ என்று எனக்குள்ளே ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

முதல் நோய் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். வெளிக்குப் போகும்போது ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து, மாசக்கணக்கில் கருணைக்கிழங்கையும் நாட்டு மருந்தையும் தின்றுகொண்டிருந்தாள். எங்களில் யாருக்கும் தெரியாது. தியேட்டருக்கு வருகிற பெண்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். ஓட்டை வழியாக டிக்கெட்டை நீட்டுகிற கையை மட்டும் வருஷக்கணக்காகப் பார்த்தவர்கள் அவர்கள். "இன்னா பாப்பா, டிக்கெட் அக்கா வளையலு முட்டி வரைக்கும் ஏறுதே, உடம்புக்கு இன்னா?" என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். அடுத்த வாரம் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் அவளோடு நான் உட்கார்ந்திருந்தேன். பெருங்குடலில் புற்று என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். ஆறு மாதம் வயிற்றில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு டிக்கெட் கொடுத்தாள். பிறகு குடலை மறுபடி சேர்த்துவைத்துப் பையை எடுத்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு ஒரு தங்கை இருப்பது எனக்குத் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், வார்டு வாசலில் ஒரு பெண் கையில் தூக்குச் சட்டியோடு நின்றாள். அதே நெற்றி, அதே மூக்கு, ஏழெட்டு வயது இளையவள். அக்கா அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தையல் வலியோடு மெள்ள மெள்ளப் புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பெண் அரை மணி நேரம் அங்கேயே நின்றாள். நான் படிக்கட்டு வரைக்கும் அவள் பின்னால் ஓடினேன். "தங்கச்சிம்மா. திருவிடந்தைல கீறேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். கஞ்சி இன்னும் சூடாக இருந்தது.

நான் விடவில்லை. அக்காவைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். ஒரே ஒருமுறை சொன்னாள். அவர்களுடைய அம்மா சின்னவள் வீட்டில்தான் இருந்தாளாம். சாப்பிட்டது எதுவும் தங்காமல், வயிறு உப்பி, ரத்தமாய்ப் போய், ஐம்பத்தைந்து தொடுமுன்னே செத்துப்போனாள். வாய்க்கு ருசியில்லை என்று கிழிந்த நாராய்க் கிடந்தவள் கேட்டாளென்று, முந்தின நாள் மீன் குழம்பைச் சின்னவள் சுடவைத்துப் பிசைந்து ஊட்டியதை அக்கா ஒரு புதன்கிழமை தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். பதினாறாம் நாள் காரியத்தில், வந்திருந்த அத்தனை சொந்தத்துக்கும் முன்னால் கேட்டுவிட்டாள். "உன் பழைய மீன் கொழம்புதாண்டி அம்மாவ கொன்னுச்சு." சொல்லிவிட்டு நேரே கடலுக்கு நடந்தாள். மூன்று முழுக்கு. கரையேறி, சொட்டச் சொட்ட ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினாள். சீட்டு நனையும் என்று கண்டக்டர் உட்கார விடவில்லை. நின்றுகொண்டே வந்தாள். செங்கல்பட்டில் இறங்கும்போது புடவை காய்ந்து, உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்ததாம். "அன்னியோட அவ போய்ட்டா" என்று முடித்தாள்.

பையை எடுத்து வீட்டுக்கு வந்த அன்று அக்கா என்ன செய்தாள் தெரியுமா? தையல் பிரித்த இடம் சரியாக ஆறக்கூட இல்லை, தொட்டிக்குப் போய் இரண்டு வாளி. நான் கத்தின கத்தலில் லைன் வீடே கூடிவிட்டது. ஈரத்தலையோடு நின்று சிரிக்கிறாள். "வந்த நோவையும் முழுகியாச்சு கண்ணு!" வருஷா வருஷம் வந்து குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு வருஷம் நான் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் வருஷம், "போன சனியனுக்கு வருசா வருசம் திதி குடுப்பாங்களா கண்ணு?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு, அதற்குப் பிறகு கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தது. தெருவுக்குத் தெரு சிடி வாடகைக்குக் கிடைத்தது, தியேட்டரில் இரண்டு ஆட்டம்தான் ஓடியது. அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நான்கைந்து வருஷத்துக்கு முன்பே மாதவிலக்கு நின்றவள் விடியற்காலையில் யாரும் எழுமுன் தொட்டியடியில் துணி அலசுகிறாள் என்று லைன் வீட்டுப் பெண் ஒருத்தி என் காதில் போட்டாள். கேட்டேன். "உடம்புச் சூடு கண்ணு. வெந்தயம் ஊறவெச்சித் துன்னுகினு கீறேன்" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். எட்டு மாதமாகிறதாம்! டாக்டரிடம் போகலாம் என்றால் மாட்டேன் என்றாள். கெஞ்சினேன், அழுதேன். கடைசியில் எனக்கு வந்த கோபத்தில், "இப்ப நீ கெளம்பலன்னா, அல்லா மேல ஆணையா, நான் உன்னத் தலமுழுகிடுவேன்" என்று கத்திவிட்டேன். அக்கா என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றுதான். செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

மறுபடி அதே மெட்ராஸ் ஆஸ்பத்திரி. இந்த முறை ஒரு பெண் டாக்டர், வயசு முப்பத்தைந்துக்குள் இருக்கும், பொறுமையாகப் பேசினார். கர்ப்பப்பையில் கட்டி, வயிற்றுக்குள்ளும் இறங்கியிருக்கிறது என்றார். "அந்தப் பழைய நோவுதான் பரவிடுச்சா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"இல்லம்மா. குடல்ல வந்தது திரும்ப வரலை. அந்த இடம் சுத்தமா இருக்கு. இது கர்ப்பப்பையிலேயே புதுசா, தனியா வந்தது. சிலருக்கு அப்படி ஒண்ணுக்கு மேல வரும்."

அக்கா என் தொடையில் தட்டினாள். முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தியா கண்ணு! நான் முழுகினா முழுகினதுதான். அது வர்ல. இது வேற!" ஜெயித்துவிட்டாளாம். அந்த டாக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று இருந்தது.

டாக்டர் விடாமல் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? அம்மா எப்படிச் செத்தார்? அக்கா சொல்லச் சொல்ல, மருந்துச் சீட்டின் பின்பக்கம் வட்டம் வட்டமாய்ப் போட்டுக் கோடிழுத்தார். அம்மாவுக்கு வந்ததும் அநேகமாகக் குடல் புற்றுதான் என்றார். "இது சில குடும்பத்துல ரத்த வழியா வரும்மா. குடல்ல வரும், கர்ப்பப்பையில வரும், சிலருக்கு ரெண்டுலயும் வரும். உங்க கூடப் பொறந்தவங்க யாராவது இருந்தா உடனே பார்க்கணும். சீக்கிரம் பார்த்தா காப்பாத்திடலாம்."

"எனக்கு யாரும் இல்லீங்க" என்றாள் அக்கா.

"தங்கச்சி கீது டாக்டர்" என்றேன் நான். அக்கா என்னை முறைத்தாள். நானும் முறைத்தேன்.

"அம்மாவுக்கு அது சாப்பாட்டால வந்ததில்லீங்களே டாக்டர்? பழைய கொழம்பு, மீனு, அப்படி?" என்று நானே கேட்டேன். டாக்டர் தலையை ஆட்டி, "சோத்துல ஒண்ணும் இல்லம்மா. அவங்க பொறக்கும்போதே கூட வந்தது" என்றார்.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தாம்பரம் போனது, கூடுவாஞ்சேரி போனது. முறுக்குக்காரன் வந்தான், வேண்டாமென்று தலையைக்கூட ஆட்டவில்லை. பரனூர் தாண்டிக் கொளவாய் ஏரி தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தாள். "அப்போ மீன் கொழம்பு இல்லியா கண்ணு?"

"இல்லக்கா."

"அத்தினி பேரு முன்னால கேட்டனே" என்றாள். பிறகு, வண்டி ஸ்டேஷனில் வந்து நின்று எல்லோரும் இறங்கின பிறகும், அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் எங்களுக்குள் போராட்டம். தங்கைக்குச் சொல்லியாக வேண்டும். நாள் ஆக ஆக அங்கேயும் இது வளர்ந்துகொண்டிருந்தால்? "நீ போயி சொல்லிட்டு வா" என்றாள். "நான் யாரு அவங்களுக்கு? நீ சொன்னாத்தான் நம்புவாங்க" என்றேன். அவளைத் தடுத்தது வீம்பு இல்லை. வீம்பு ரயிலிலேயே இறங்கிவிட்டது. முழுகினவளிடம் போய் எப்படிப் பேசுவது என்று நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. தெருக்கோடி கெங்கையம்மன் கோயில் பூசாரியிடம் போய், தலைமுழுகினதைத் திரும்ப எடுக்க என்ன பரிகாரம் என்று கேட்டிருக்கிறாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மூஞ்ச அலம்பிகினு போயி பேசும்மா, அவ்ளோதான்" என்றாராம். "இவன்லாம் ஒரு பூசாரி" என்று வந்து என்னிடம் அலுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் முகத்தை அலம்பிக்கொண்டு வந்து நின்றாள்.

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கே வண்டி மாறினோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அக்கா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே வந்தது. என்ன பேச வேண்டும் என்று பாடம் பண்ணுகிறாள்.

திருவிடந்தையில் ரோட்டோரம், தென்னங்கீற்றுச் சார்ப்பின் கீழ், தங்கை டிபன் கடை வைத்திருந்தாள். அடுப்படியில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கல்லில் தோசை கருகியது. அக்கா சார்ப்புக்கு வெளியே, வெயிலிலேயே நின்றாள். தங்கை முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒரு சேதி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எனக்கு இப்ப கர்ப்பப்பைல வந்துகீது. நம்ம ரத்தத்துலயே கீதாம். அம்மாவுக்கும் அதானாம். உனுக்கும் இருக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஒடனே போயி பாத்துக்க. நாள் கடத்தாத."

பாடம் பண்ணினது அத்தனையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"எனுக்கு எடுத்தாச்சு. கர்ப்பப்பைய. ரெண்டு வருசம் ஆச்சு."

லாரி ஒன்று மணலை வாரி இறைத்துக்கொண்டு போனது. தங்கை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மீதியைச் சொன்னாள். "வூட்ல வேற யாருக்கனா கீதான்னு ஆஸ்பத்திரில கேட்டாங்க. அக்காவுக்குக் கொடல்ல வந்துதுன்னு சொன்னேன். அப்டின்னா உங்க அக்காவ சீக்கிரம் கூட்டினு வாம்மா, அவங்களுக்கும் இங்க வரும், வர்றதுக்கு முன்னாடியே எடுத்துடலாம்னாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ரெண்டு வருசமாத் தெரியுமா உங்களுக்கு? ஏம்மா சொல்லல?" என்று கத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கை அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "கழுக்குன்றம் வரைக்கும் வந்தேன்க்கா. பஸ் ஸ்டாண்டுல எறங்கி, செங்கல்பட்டு வண்டிக்கு நின்னுகினு இருந்தேன். அன்னிக்கு ஆஸ்பத்திரில நீ செவுத்துப் பக்கம் திரும்பிகினது நெனப்புக்கு வந்துச்சு. திரும்பி வூட்டுக்கு வந்துட்டேன். நீதான் என்னத் தலமுழுகிட்டியே. செத்தவ எப்டிக்கா வந்து சொல்லுவா?"

அக்கா அசையவில்லை. விழுந்துவிடுவாளோ என்று நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை உருவிக்கொண்டு சார்ப்புக்குள் போனாள்.

"சுத்தமா எடுத்துட்டாங்களா?"

"ம்."

"கொடலு?"

"வருசா வருசம் கொழாய் வுட்டுப் பாக்கறாங்க. ஒண்ணும் இல்ல."

"அப்பாடா" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கையை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "பொழச்சிகினியாடி" என்றாள். பிறகு, "அம்மா உன்னால சாவல. தப்பு என்னுது" என்றாள். தங்கை அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுத அழுகையில் சாப்பிட வந்தவர்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நான் அடுப்பை அணைத்தேன். எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அக்கா நாலு மாதம் இருந்தாள். முதல் மாதம் தங்கை செங்கல்பட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள், பிறகு தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் வாரம் ஒருமுறை போவேன். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, சின்ன வயதில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அக்கா வலியில் முனகுவதும் சிரிப்பதும் வாசல் வரைக்கும் கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குத் தங்கைமேல் ஆத்திரம்தான் வரும். அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் வாங்கிக் குடித்ததில்லை.

ஆத்திரம் தாங்காமல் ஒருநாள் அந்த டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்மா" என்றார்.

நேரே திருவிடந்தைக்குப் போனேன். தங்கை கடையில் இருந்த நேரம். அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "இப்பவாவது தெரிஞ்சிக்கோ, உன்ன யாரு கொன்னாங்கன்னு" என்றுகூடச் சொன்னேன். எலும்பாய்ப் போயிருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத கண்ணு. அம்மா சாவ அவ தலைல தூக்கி வெச்சது நானு. பதினாறு வருசம் செமந்துகினு கெடந்தா. என் சாவையும் வெக்காத."

நான் மாட்டேன் என்றேன். அவள் மணிக்கட்டை விடவில்லை. கடைசியில் சரி என்றேன்.

அக்கா போனது ஒரு வெள்ளிக்கிழமை பகலில், தங்கை ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிய. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் புறப்பட்டபோது, தங்கை ரோடு வரைக்கும் கூட வந்தாள். பஸ் வரக் காணோம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மாமல்லபுரம் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா" என்றாள். "நான் அன்னிக்குக் கழுக்குன்றத்துலேர்ந்து திரும்பாம, செங்கல்பட்டு வந்து சொல்லியிருந்தா, அக்கா பொழச்சிருக்குமா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை மாதம் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது இந்தக் கேள்விக்காகத்தான். ஒரே வார்த்தை, அதைச் சொல்லிவிட்டால் என் நெஞ்சு ஆறிவிடும். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நெற்றி, அதே மூக்கு.

"இல்லமா" என்றேன். "அப்பவே முத்திப்போச்சுன்னுதான் டாக்டரு சொன்னாங்க."

அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வருஷா வருஷம் அக்கா போன நாளில் எனக்குப் போன் பண்ணுகிறாள். பிள்ளைகளை விசாரிப்பாள், கடையை விசாரிப்பாள், பிறகு அதே கேள்வியைக் கேட்பாள். போன வருஷமும் கேட்டாள். இல்லமா என்றேன்.